சேராது என்பதும் சேர்ப்பதில்லை என்பதும்

1

மஸ்கட்டில் நான் வந்து இறங்கிப் பத்து வருஷம் ஆனதற்காகக் கம்பெனியில் கேக் வெட்டினார்கள். வெள்ளைக் கிரீமின் மேல் மஞ்சள் கிரீமால் என் பெயரை எழுதியிருந்தார்கள். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் பெயர் இல்லை, வெறும் கேக்தான் இருந்தது. இது கடைப் பலகைகள் செய்கிற கம்பெனி. வெள்ளையில் மஞ்சள் நிற்காது, மஞ்சளில் வெள்ளை நிற்காது என்று பத்து வருஷமாக இங்கே தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்திக்கொண்டிருப்பவன் நான். எனக்கே அப்படி ஒரு கேக். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு கத்தியை எடுத்தேன்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள், "ஒரு கேக்குக்கா இவ்வளவு கோபம்? ரங்கசாமிக்கு வெளிநாட்டுச் சோறு திமிரை ஏத்திருச்சு" என்பீர்கள். கோபம் கேக்கின் மேல் இல்லை. ஒரு மாதமாக எனக்கு எதுவுமே பிடிக்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. என் மகள் ரேவதிக்குப் பதினோரு வயது. அவள் ஒரு மாதமாக என்னோடு தெலுங்கிலும் பேசுவதில்லை, தமிழிலும் பேசுவதில்லை. "டாடி, ஃபுட் இஸ் ரெடி", "டாடி, சைன் ஹியர்" என்று பள்ளிக்கூட இங்கிலீஷில் இரண்டு வார்த்தை, அதோடு சரி. முன்பெல்லாம் அவளை வாயை மூடச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கும். அவள் அம்மா சரோஜா தங்கையின் பிரசவத்துக்காக அருப்புக்கோட்டை போயிருக்கிறாள். வீட்டில் நானும் இவளும்தான். இந்தப் பிள்ளை இனிமேல் என்னோடு பழையபடி பேசுமா, பேசாதா என்பதைத் தவிர வேறு எதுவும் என் மண்டையில் ஏறுவதில்லை.

இதற்கெல்லாம் காரணம் இரண்டு சொற்கள். ஒன்று இங்கிலீஷ், இன்னொன்று தமிழ். இரண்டையும் எனக்கு நன்றாகத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

இங்கிலீஷ் சொல் கான்ட்ராஸ்ட். எண்பதுகளில் எங்கள் தெருவுக்கே முதல் டி.வி. ஒரு நூல் வியாபாரி வீட்டுக்கு வந்தது. மேகம் போட்ட சாயங்காலங்களில் இலங்கையிலிருந்து படம் வரும். வருவது படமா புழுதிக் காற்றா என்று தெரியாது. வாசலில் நிற்கிற கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் எழும்: "ஏலே, அந்தக் கான்ட்ராஸ்டைத் திருகுலே!" கான்ட்ராஸ்ட் என்பது அந்தக் குமிழின் பெயர் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஒரு பக்கம் முழுக்கத் திருகினால் எல்லாம் சாம்பலாகிவிடும். கதாநாயகி எது, பின்னால் இருக்கும் சுவர் எது என்று பிரிக்க முடியாது. மறுபக்கம் திருகினால் முகம் சுண்ணாம்பு, கண் இரண்டும் கரி. நடுவில் ஓரிடத்தில் நிறுத்தினால்தான் மனிதர் மனிதராகத் தெரிவார். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கிறவனுக்கு முன்வரிசையில் உட்கார இடம் கிடைக்கும். பெரும்பாலும் அது நான்தான்.

பிறகு அதே சொல் ஜவுளிக்கடையில் காதில் விழுந்தது. "ஒடம்பும் பார்டரும் ஒரே கலரா இருந்தா எழவு வீட்டுக்குப் போற மாதிரி இருக்குய்யா. கான்ட்ராஸ்டா எடுத்துப் போடுங்க" என்று பெண்கள் கேட்பார்கள். எங்கள் வீட்டில் தறி இருந்தது. என் நாய்னாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, இந்தச் சொல் தெரியாது. கடுகு நிற உடம்புக்கு அரக்கு பார்டர் கோக்கும்போது, "ஒண்ணை ஒண்ணு எடுத்துக் குடுக்கணும்" என்பார். எனக்குத் தறியில் உட்காரப் பொறுமை கிடையாது. பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு உர விளம்பரம், சோப்பு விளம்பரம் என்று சுவர் சுவராக எழுதப் போய்விட்டேன்.

பின்னாளில் ஒரு பத்திரிகையில் படித்தேன். ஒரே சாம்பல் நிறத் துண்டைக் கறுப்புத் தாளின் மேல் வைத்தால் வெளுப்பாகத் தெரியும், வெள்ளைத் தாளின் மேல் வைத்தால் கறுப்பாகத் தெரியும். துண்டு மாறவில்லை, பக்கத்தில் இருப்பது மாறியிருக்கிறது. வெட்டி வைத்துப் பார்த்தேன், உண்மைதான். எனக்கு உடனே என் ஞாபகம் வந்தது. அருப்புக்கோட்டையில் நான் தெலுங்குக்காரன். மெட்ராஸில் தெக்கத்திக்காரன். இங்கே வெறும் ஹிந்தி, அதாவது இந்தியன். லீவில் ஊருக்குப் போய்ப் பஸ்ஸை விட்டு இறங்கினால் மஸ்கட்காரர். ஆள் ஒருத்தன்தான்.

3

தமிழ்ச் சொல்லுக்கு வருவதற்கு முன் எங்கள் பக்கத்து வீரசோழன் என்ற ஊருக்குப் போக வேண்டும். அங்கே என் நண்பன் சாகுலின் அத்தா, அதாவது அவன் அப்பா, பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பலகை எழுத என்னைக் கூப்பிட்டார்கள். அவருக்குப் பச்சைப் பலகையில் சிவப்பு எழுத்து வேண்டும்.

"பச்சை நமக்கு ராசி. செகப்பு கண்ணப் பறிக்கும். ரெண்டும் இருக்கணும்ப்பா" என்றார்.

நானும் எழுதினேன். உச்சிவெயிலில் பார்த்தபோது பிரமாதமாக இருந்தது. பொழுது சாய்ந்ததும் எதிரே பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்று பார்த்தோம். பலகை இருந்தது, எழுத்தைக் காணோம். அழுக்குத் துணியை அடித்து மாட்டியது போல ஒரே கறுப்பு.

"ஏம்ப்பா, எம் பேரு எங்கப்பா? வித்துப்புட்டியா?" என்றார் சாகுலின் அத்தா.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நிறம் வேறு, வெளிச்சம் வேறு. பச்சையும் சிவப்பும் நிறத்தில் ஜென்மப் பகையாளிகள். ஆனால் இருட்டு என்று பார்த்தால் இரண்டும் ஒரே அளவு. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் அது தெரிந்துவிடும். நிறம் மங்கி, வெளிச்சம் மட்டும் நிற்கும். மறுநாள் அதே பச்சையின் மேல் வெளிர் மஞ்சளில் திருப்பி எழுதினேன். இப்போதும் மஸ்கட்டில் ஒரு பலகைக்கு வண்ணம் குறிக்கும் முன் கண்ணைப் பாதி மூடுகிறேன். புது ஆட்கள் எனக்குத் தூக்கம் வருகிறது என்று நினைப்பார்கள்.

புதுப் பலகை எல்லாருக்கும் பிடித்துப்போனது. சாகுலின் அத்தா விடவில்லை, மதியம் வீட்டிலேயே சாப்பிட வைத்தார். தொண்டியிலிருந்து வந்த நண்டு. எங்கள் வீட்டில் ஆடு, கோழி உண்டு. நண்டை நான் அதற்கு முன் கையால் தொட்டதுகூட இல்லை. ருசி என்றால் அப்படி ஒரு ருசி. கை கழுவி அரை மணி நேரம் இருக்காது, உதடு தடித்தது, கண் இரண்டும் மூடிக்கொண்டன, மூச்சு சீட்டியடித்தது. சாகுல் என்னை ஒரு லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு திருச்சுழிக்கு ஓடினான். டாக்டர் ஊசி போட்ட பிறகுதான் உலகம் மறுபடி தெரிந்தது.

அன்றிலிருந்து எனக்கு நண்டு சேராது. உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "நாங்க நண்டு சேர்க்கிறதில்ல" என்றால் அது அந்த வீட்டுப் பழக்கம், அவர்களாக முடிவு செய்தது. "எனக்கு நண்டு சேராது" என்றால் அது உடம்பு செய்த முடிவு. அதில் நமக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. ஒன்றில் நாம் தள்ளி வைக்கிறோம், மற்றதில் அது நம்மைத் தள்ளிவிடுகிறது. ஒன்றிரண்டு எழுத்து மாறினால் ஆள் பிழைக்கிற விஷயம் மாறிவிடும். ஊரில் இருந்தவரை இதை ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

4

எங்கள் வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். அருப்புக்கோட்டையில் எங்களைப் போன்ற தறிக்காரக் குடும்பங்கள் எல்லாவற்றிலும் இப்படித்தான். ஆனால் எங்கள் நாய்னா இதில் கொஞ்சம் கெடுபிடி. வாசற்படி தாண்டிக் கால் தெருவில் பட்டதும் நாக்கு மாறிவிட வேண்டும். என்னோடு பிறந்தவர்களிடம் நான் தெருவில் தெலுங்கில் பேசிவிட்டால் மண்டையில் ஒரு குட்டு விழும்.

"பக்கத்துல நிக்கிறவுகளுக்குப் புரியாதத பேசுனா, அவுகளப் பத்தித்தான் பேசுறோம்னு நெனைப்பாக. அது மரியாதை இல்ல" என்பார். அதையும் தெருவில் நின்றால் தமிழில்தான் சொல்வார்.

ஆகவே என்னை வீட்டில் நாய்னா என்று கூப்பிடுகிற ரேவதி வெளியே வந்தால் அப்பா என்பாள். மஸ்கட்டிலும் அதையே பழக்கினேன். சரோஜா சிரிப்பாள். "இங்க வெளிய யாருக்குத் தமிழ் தெரியும்? தெலுங்கு பேசினாலும் ஒண்ணுதான், தமிழ் பேசினாலும் ஒண்ணுதான்" என்பாள். அவள் சொல்வது நியாயம். ஆனால் லிப்டில் ஏறி யாராவது கூட நின்றுவிட்டால் என் வாயில் தமிழ்தான் வரும்.

இந்தப் பழக்கம் என்னைக் காகிதங்களிலும் மாட்டிவிட்டிருக்கிறது. பள்ளிக்கூட விண்ணப்பத்தில் தாய்மொழி என்ற இடத்தில் தெலுங்கு என்று எழுதினேன். பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது, ஆபீஸ் என்பது வெளி அல்லவா, தமிழ் என்று எழுதிவிட்டேன். கவுண்டரில் இருந்த ஆள், அத்தாட்சிக்கு நான் இணைத்திருந்த பள்ளிக் காகிதத்தையும் இதையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு, "உமக்கு எத்தனை தாய்?" என்று இந்தியில் கேட்டார். இரண்டும் சரிதான் என்று சொல்லப் பார்த்தேன். இரண்டும் சரியாக இருக்கிற பதிலுக்கு அந்தப் படிவத்தில் இடம் கிடையாது.

ரேவதிக்குப் பள்ளியில் எதிர்ச்சொல் பாடம் நடந்தது. என்னிடம் வந்து, "நாய்னா, வீட்டுக்கு எதிர்ச்சொல் என்ன?" என்று கேட்டாள். வெளி என்றேன். தலையை ஆட்டினாள். "இங்க வீட்டுக்கு எதிர்ச்சொல் ஊரு. 'வீட்டுல இருக்கோம், ஊருக்குப் போகணும்'னு நீங்கதான எப்பவும் சொல்றீங்க?" என்றாள். எனக்கு ஏன் என்று தெரியவில்லை, சுருக்கென்றது.

யோசித்தால் அவளுக்குத் தமிழ் எங்கே கிடைத்திருக்கும்? எனக்கு வெளி என்றால் ஒரு தெரு, ஒரு பஸ் ஸ்டாண்டு, ஓராயிரம் தமிழ் வாய்கள். அவளுக்கு வெளி என்றால் இங்கிலீஷ், இந்தி, கொஞ்சம் அரபி. தமிழ் என்றால் நான், சாகுல் மாமா, கீழ்வீட்டு அக்கா, அவ்வளவுதான்.

5

ஒரு மாதத்துக்கு முன் சாரத்தின் மேல் நின்று பலகை பொருத்திக்கொண்டிருந்தபோது இடுப்பில் ஒரு வலி பிடித்தது. ஊரில் உப்புத்தண்ணீர் குடித்து வளர்ந்த உடம்பு, இங்கே வெயிலில் நின்று தண்ணீரையே மறந்துபோகிற உடம்பு. கல் என்று எனக்கே தெரிந்தது. சாகுல் இங்கே ரூவியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இருக்கிறான். அவனுக்கு அன்று சரக்கு இறங்குகிற நாள். "ரேவதியக் கூட்டிட்டுப் போலே, அவ இங்கிலீஷு பொளந்து கட்டுவா. நான் சாயங்காலம் வாரேன்" என்றான்.

டாக்டர் எகிப்துக்காரர். எக்ஸ்ரே பிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டி விளக்கினார், ரேவதி எனக்குச் சொன்னாள். எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. சிறுநீரகம், குடல், சதை எல்லாம் ஒரே சாம்பல். கல் இருக்கிறது, ஆனால் அது வழியை எவ்வளவு அடைத்திருக்கிறது என்று இதில் பார்க்க முடியாது. பிறகு டாக்டர் என்னைப் பார்த்து நேராகவே சொன்னார்: "வீ வில் கிவ் கான்ட்ராஸ்ட்."

எனக்கு வந்ததே ஒரு சந்தோஷம்! அத்தனை நேரம் அவர் பேசியதில் எனக்கு முழுசாகப் புரிந்த ஒரே சொல் அது. "குட், குட்! கான்ட்ராஸ்ட் வெரி இம்பார்ட்டன்ட்! நோ கான்ட்ராஸ்ட், நத்திங் சீ!" என்று அவருக்கே பாடம் எடுத்தேன். சாம்பலுக்குள் சாம்பலாகக் கிடக்கிற சிறுநீரகத்தை வெள்ளையாகக் காட்டப் போகிறார்கள். இது எங்கள் தொழில்தானே! ரேவதி என்னைப் பெருமையாகப் பார்த்தாள். ஊசி என்றோ மருந்து என்றோ அவர் சொல்லியிருந்தால் நான் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பேன். என் தொழில் சொல்லைச் சொன்னார், நான் குப்புற விழுந்தேன்.

டாக்டர் ரேவதியிடம் ஒரு கேள்வி கேட்டார். அவள் என் பக்கம் திரும்பி, "நாய்னா" என்று வீட்டு மொழியில் ஆரம்பித்தாள். பக்கத்து நாற்காலிகளில் ஆட்கள் இருந்தார்கள். என் நாக்கு தானாக வெளிக்கு மாறிவிட்டது. "தமிழ்ல சொல்லும்மா" என்றேன். அங்கே இருந்தவர்கள் இரண்டு ஓமானிகள், ஒரு பலூச்சி, ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸ். தமிழ் தெரிந்த ஒரு ஜீவன் கிடையாது.

"அப்பா, மீனு, நண்டு எல்லாம் எப்படின்னு கேக்குறார்."

"மீனு பரவாயில்ல. நண்டு சேராதுன்னு சொல்லு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு டாக்டரிடம் சொன்னாள்: "ஃபிஷ் ஓகே. கிராப் ஹி டஸின்ட் டேக்."

டாக்டர் சிரித்தார். இந்தியர்கள் அது சாப்பிட மாட்டார்கள், இது சாப்பிட மாட்டார்கள் என்று கேட்டுக் கேட்டுப் பழகியவர் போலிருக்கிறது. இந்த மருந்தில் நண்டு இல்லை, பயப்பட வேண்டாம் என்று ஒரு தமாஷ் வேறு சொன்னார். ரேவதி சிரித்தாள். அவள் சிரித்ததால் நானும் சிரித்தேன்.

அந்தக் கான்ட்ராஸ்ட் மருந்து ஊசியில் ஏறியதும் உடம்பு முழுக்க ஒரு சூடு ஓடியது. அது எல்லாருக்கும் வருவதுதானாம். அதற்குப் பிறகு வந்தது எல்லாருக்கும் வருவதில்லை. உதடு தடித்தது, நாக்குக்கு வாயில் இடம் போதவில்லை, மார்புக்குள் அந்தப் பழைய சீட்டிச் சத்தம். நர்ஸ் கத்திக்கொண்டு கதவைத் திறந்தபோது வெளியே நின்ற ரேவதியை ஒரு தடவை பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். பிறகு என் கண் மூடிக்கொண்டது.

சாயங்காலம் சாகுல் வந்தபோது நான் வீக்கம் வடிந்து கட்டிலில் சாய்ந்திருந்தேன். பயத்தில் அவனுக்கு முகமெல்லாம் வியர்வை. என்னை உயிரோடு பார்த்த நிம்மதியில் சத்தமாகப் பேச ஆரம்பித்தான்.

"ஏலே ரங்கா, போய்ச் சேர்ந்துட்டியோன்னு நெனைச்சேன்லே! பாப்பா, ஒங்கப்பனுக்கு இது புதுசு இல்ல. எங்க வீட்டுல நண்டத் தின்னுட்டு மூஞ்சி பூசணிக்கா மாதிரி வீங்கி, லாரில தூக்கிப் போட்டுல்ல ஓடுனேன்! அதுலேர்ந்துதான் இவனுக்கு நண்டு சேராது."

ரேவதி அவனையே பார்த்தாள். "சேராதுன்னா அதுவா?" என்று கேட்டாள்.

"அதான் பாப்பா. வேறென்ன?"

"கீழ்வீட்டு அக்கா, நாங்க வெங்காயம் சேர்க்கிறதில்லன்னு சொல்வாங்களே. அதில்லையா?"

சாகுலுக்கு அப்போதுதான் என்னவோ புரிந்தது. ரேவதி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். "ஐ டோல்ட் தெம் ராங்" என்றாள். அன்றிலிருந்து இங்கிலீஷ்தான்.

6

தெலுங்கில் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. அதுதான் என்னை அரிக்கிறது. உடம்புக்குச் சேராததை எங்கள் வீட்டுத் தெலுங்கில் 'படது' என்போம். பால் எனக்குப் படது என்று சரோஜா தினமும் சொல்வாள். 'நண்டு படது' என்று நான் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே ரேவதி டாக்டரிடம் சரியாகச் சொல்லியிருப்பாள். பிள்ளை வீட்டு மொழியில்தான் ஆரம்பித்தது. நான்தான் தமிழுக்கு மாற்றினேன், யாருடைய மரியாதைக்காகவோ. அந்த பலூச்சிக்காரருக்காக!

டாக்டர் நல்ல மனிதர். மறுநாள் வந்து, நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்த மருந்தும் ஒத்துக்கொள்ளாது என்று கட்டாயம் இல்லை, எதுவும் இல்லாதவர்களுக்கும் வரலாம், குழந்தை மேல் தப்பே இல்லை என்று சொன்னார். அதை ரேவதியிடமே சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். ஆனால் பதினோரு வயசுப் பிள்ளைக்கு அப்பாவின் முகம் வீங்கியது தெரியும், தான் சொன்ன வார்த்தை தெரியும். இரண்டுக்கும் நடுவில் டாக்டர் எதைச் சொல்லி நுழைக்க முடியும்?

வீட்டில் அவளோடு இங்கிலீஷில் பேசிப் பார்த்தேன். என் இங்கிலீஷ் பலகை இங்கிலீஷ். கிராண்ட் ஓப்பனிங், நோ பார்க்கிங், ஃபிரஷ் ஜூஸ், எக்ஸிட் இவையெல்லாம் எழுத்துப் பிழையில்லாமல் வரும். மகளிடம் மனசில் இருப்பதைச் சொல்வதற்கு இதில் எது உதவும்? தெலுங்கில் பேசினால் "ஓகே" என்பாள். தமிழில் பேசினால் அறைக்குள் போய்விடுவாள். கோபமாக இருந்தாலாவது சண்டை போடலாம். இவள் பயந்துபோயிருக்கிறாள். வாயைத் திறந்தால் எதையாவது உடைத்துவிடுவோமோ என்று பயப்படுகிற பிள்ளையை எப்படி அதட்டுவது?

சரோஜா போனில், "அவளை இங்க கொண்டுவந்து விட்டுருங்க. அடுத்த வருஷம் இங்கயே பள்ளிக்கூடத்துல சேர்த்துடலாம். பிள்ளைக்கு ஒரு பாஷையாவது ஒழுங்கா வரட்டும்" என்றாள். சேர்த்துடலாம் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. இப்போதெல்லாம் அந்த ஒரு சொல் எங்கே வந்தாலும் குத்துகிறது. காசு சேர்க்க வந்தோம். ஊர் போய்ச் சேர வேண்டும் என்கிறோம். சாகுல் சொன்னது போல, செத்தாலும் போய்ச் சேர்ந்தான் என்கிறோம். இரண்டு பேருக்கு ஆகாவிட்டால் அவர்களுக்குள் சேராது. எத்தனை வேலைக்கு ஒரே சொல்லை வைத்திருக்கிறோம்! நாமெல்லாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து அர்த்தத்தைப் பிடித்துக்கொள்கிறோம். பக்கத்தில் எதுவும் இல்லாத இடத்தில் வளர்கிற பிள்ளை எதை வைத்துப் பிடிக்கும்?

கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள், அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கு எந்த மொழி என்று கேட்டுக்கொள்கிறேன். டிக்கெட் விலை விசாரித்தேன், பிறகு விட்டுவிட்டேன். பலகைகளில் தப்பு விடுகிறேன். ஒரு மருந்துக்கடைக்கு நீலத்தில் கறுப்பு எழுத்து குறித்துக் கொடுத்துவிட்டு, பையன்கள் வந்து கேட்ட பிறகுதான் விழித்துக்கொண்டேன்.

7

மேலே எழுதியதை ஒரு வாரம் அப்படியே போட்டுவைத்திருந்தேன். எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. முடிவு என்று எதுவும் நடந்திருக்கவில்லை.

முந்தாநாள் கல்லைப் பார்க்க மறுபடி ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இந்த முறை ஊசி இல்லை, வயிற்றில் பசை தடவிப் பார்க்கிற ஸ்கேன்தான். பேசுவதற்குச் சாகுல் வந்தான். பள்ளி விடுமுறை. ரேவதியை வீட்டில் தனியாக விட முடியாமல் அவளையும் கூட்டிக்கொண்டோம். அவள் எங்களை விட்டு நாலு நாற்காலி தள்ளிப் போய் ஒரு கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்துகொண்டாள்.

எங்களுக்கு எதிரே கம்பெனி உடுப்பில் ஒரு மனிதர். ஐம்பது வயது இருக்கும். செருப்பைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததுமே நம் பக்கத்து ஆள் என்று நினைத்தேன். அதே பிலிப்பைன்ஸ் நர்ஸ் அவரிடம் வந்து இங்கிலீஷில் கேள்விகளை அடுக்கினாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் இல்லை என்றும் படிக்கக்கூடிய ஆட்டல். நர்ஸ் கான்ட்ராஸ்ட் என்றாள். அதற்கும் தலையாட்டினார்.

நான் எழுந்திருக்கப் போனேன். சாகுல் என் கையைப் பிடித்து அழுத்தினான். ரேவதி புத்தகத்தை நாற்காலியில் கவிழ்த்துவிட்டு எழுந்துவிட்டிருந்தாள்.

அவள் நர்ஸிடம் ஏதோ கேட்டாள். பிறகு அந்த மனிதர் முன்னால் போய் நின்றாள். எச்சில் விழுங்குவது எனக்குத் தெரிந்தது.

"நீங்க தமிழா?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஆமா தாயி! எம்.ரெட்டியபட்டி. நீ எந்த ஊரு?"

அவள் நேராகக் கேள்விக்கு வந்தாள். "ஊசி போடப் போறாங்க. மீனு, நண்டு, எறா, ஏதாவது உங்களுக்குச் சேராதா?"

"நமக்குக் கல்லத் தின்னாலும் செரிக்கும்."

"அப்படி இல்ல. சாப்பிட மாட்டீங்களான்னு கேக்கல. சாப்பிட்டா உடம்பு வீங்குமா? மூச்சு முட்டுமா? அது வேற, சாப்பிடாம இருக்கிறது வேற. ரெண்டும் வேற வேற."

"ரெண்டும் வேறதான் தாயி. எனக்கு அப்பிடியெல்லாம் ஒண்ணும் வந்ததில்ல."

"மாத்திரை? முன்னாடி போட்ட ஊசி? முட்டை?"

நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். ரேவதி விடவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டாள், ஒவ்வொன்றையும் இரண்டு விதமாகக் கேட்டாள். தமிழ் தட்டுப்பட்ட இடத்தில் கையால் உதட்டைத் தொட்டுக் காட்டினாள், கண்ணை மூடிக் காட்டினாள். அந்த மனிதர் வைத்தியனிடம் சொல்வது போலப் பணிவாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அவள் நர்ஸிடம் இங்கிலீஷில் நீளமாகச் சொன்னாள். அவரை உள்ளே கூட்டிப் போனார்கள்.

ரேவதி அங்கேயே நின்று அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து அவர் தம் காலால் நடந்து வெளியே வந்தார். "வாரேன் தாயி" என்று இவளுக்குக் கையைக் காட்டிவிட்டுப் போனார். அவர் முகத்தில் எந்த வீக்கமும் இல்லை என்பதை ரேவதி நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சுற்றி ஆட்கள் இருந்தார்கள். அவள் தெலுங்கில்தான் பேசினாள்.

"நாய்னா, உங்களுக்கு நண்டைத் தவிர வேற என்னவெல்லாம் படது? ஒண்ணு விடாம இப்பவே சொல்லுங்க."

எதிர் வரிசையில் இரண்டு பேர் எங்களைப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று நானும் தெலுங்கிலேயே சொன்னேன்.

"நீ பேசாம இருக்கிறது எனக்குப் படது."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், கண் நிறைந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலையே, நாய்னா" என்றாள்.